எமிலியின் இரண்டாவது அடையாளம்

போன வியாழக்கிழமை சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு நான் சர்க்காரை ஏமாற்றினேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதுவே பெரிய செய்தியாக இருக்கும். நானாவது, வாயை மூடுவதாவது?

விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூர் பிரேசர் டவுனில் நான் பத்து வருஷமாகத் தமிழ் டீச்சராய்க் குப்பை கொட்டும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு டீச்சர் வந்திருக்கிறாள். பெயர் எமிலி. வயது இருபத்தாறு. இரண்டு நாட்டு சர்க்காரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. அவர்கள் டீச்சர் இங்கே ஒரு வருஷம், நம் டீச்சர் அங்கே ஒரு வருஷம். நம் பக்கத்திலிருந்து போனவர் எங்கள் சயன்ஸ் டீச்சர். என்னை யாரும் கேட்கவில்லை... அமெரிக்காவில் வெண்பாவுக்கு என்ன கிராக்கி இருக்கப்போகிறது?

எமிலி தங்கியிருப்பது எங்கள் வீட்டு முன் அறையில். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறாள். "போதும்" என்ற தமிழ் வார்த்தையை முதல் நாளே கற்றுக்கொண்டாள். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அது தெரியாமல் தப்பிக்க முடியாது.

வெளிநாட்டிலிருந்து வந்து மாதக் கணக்கில் தங்குகிறவர்கள், வந்த பதினாலு நாளைக்குள் அதற்கான ஆபீஸில் பதிவு செய்துகொண்டு ஒரு நம்பர் வாங்க வேண்டும் என்பது சட்டம். நம்பர் இல்லையென்றால் ஆளே இல்லை. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் வேறு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நம்பர் வரட்டும், அப்புறம் கிளாஸுக்குள்ளே கால் வைக்கட்டும்."

பதினாலு நாள் தாண்டிவிட்டால்? டெல்லிக்கு எழுதிப் போட வேண்டும். டெல்லியிலிருந்து எப்போது பதில் வரும் என்று டெல்லிக்கே தெரியாது. அவள் வந்திருப்பதோ ஒரே ஒரு வருஷத்துக்கு!

பாவம், பெட்டி நிறைய லென்ஸும் காந்தமும் கண்ணாடிக் குழாயும் கட்டிக்கொண்டு வந்தவள், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எங்கள் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். "நான் இதற்காகவா கப்பல் ஏறினேன்?" என்று ஒரு நாள் என்னைக் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

ஒரு நம்பர் வாங்குவதில் அப்படி என்ன கஷ்டம் என்கிறீர்களா? பாரம் இருக்கிறதே, பாரம்! பெயர், ஊர், தகப்பனார், கப்பல் எல்லாம் கடகடவென்று எழுதிவிட்டாள். பதினோராவது கேள்வியில் பேனா நின்றது. அங்க அடையாளங்கள், இரண்டு.

நமக்கெல்லாம் இது ஒரு கேள்வியா? எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கைக்கு வந்த நாளிலிருந்து நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு மச்சம் மனப்பாடம். என் வீட்டுக்காரருக்குக் கல்யாண நாள் மறந்துபோகும். 'வலது முழங்கைக்குக் கீழே ஒரு கறுப்பு மச்சம்' மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அமெரிக்காவில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லையாம். இருபத்தாறு வயசுவரை தன் மச்சம் எங்கே என்று தெரியாமலே ஒருத்தி வளர்ந்து, படித்து, டீச்சராகவும் ஆகிவிட்டாள்!

அவளிடம் அடையாளம் இல்லாமல் இல்லை. அதுதான் தொந்தரவே. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தோல் மாதிரி முகம், கழுத்து, கை எல்லாம் பழுப்புப் புள்ளிகள். வெள்ளைக்காரர்களில் சிவப்பு முடிக்காரர்களுக்கு அப்படித்தானாம். எமிலி பாரத்தில் உண்மையாக எழுதினாள்: 'புள்ளிகள், எண்ண முடியாத அளவு.'

ஆபீஸில் எங்களுக்கு வாய்த்தவர் ஹெட் கிளார்க் சேஷாத்ரி. சமஸ்தான காலத்திலிருந்தே சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, பாரத்தை ஒருமுறை, எமிலியை ஒருமுறை பார்த்தார்.

"எண்ண முடியாததை எல்லாம் ரிஜிஸ்தர்ல எழுத முடியாதும்மா. ரெண்டு வேணும். ரெண்டுன்னா ரெண்டு."

அவருடைய ரிஜிஸ்தரைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். சிவப்புத் துணி பைண்டு போட்டது. உள்ளே அச்சடித்த மாதிரி எழுத்து. பக்கம் பக்கமாய்ப் புரட்டினாலும் ஓர் அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. அதை அவரே எங்களுக்குப் புரட்டிக் காட்டினார். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். சிவப்பு மையைத் தொட்டதில்லே. மார்ச்சிலே ரிடையர் ஆறேன். இப்படியே ஒப்படைச்சுட்டுப் போயிடணும், ஆண்டவன் புண்ணியத்திலே" என்றார்.

வீட்டுக்கு வந்து எமிலி லென்ஸை எடுத்தாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து அளந்து, ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மூக்கின் இடப்பக்கம் இருப்பதிலேயே பெரியது. நாலு நாள் கழித்து அதை எழுதி எடுத்துக்கொண்டு போனோம்.

சேஷாத்ரி பேனாவை மையில் தோய்த்து எழுதப் போனவர், வழக்கப்படி ஒரு கேள்வி கேட்டார். "இது பர்மனென்ட்தானே?"

"வெயில் காலத்தில் இருக்கும். குளிர்காலத்தில் கொஞ்சம் மங்கிவிடும் சார்" என்றாள் எமிலி.

யார் கேட்டார்கள் இவளை? நான் அவள் காலை மிதித்தது தாமதமாகிவிட்டது. சேஷாத்ரி பேனாவைக் கீழே வைத்தார். "சீசனுக்கு சீசன் மாறினா அது அடையாளம் இல்லேம்மா."

எனக்கு ஆத்திரம். எமிலிக்கோ திடீரென்று ஒரு ஞாபகம். சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு ஒன்று முழங்காலில் இருக்கிறதாம். இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? நிரூபிக்க வேண்டாமா, சயன்ஸ் டீச்சர் ஆயிற்றே! சட்டென்று நாற்காலி மேல் ஒரு காலை வைத்து, கவுனை முழங்காலுக்கு மேலே தூக்கிவிட்டாள்.

சேஷாத்ரி ரிஜிஸ்தருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "போதும்மா, போதும். எழுதிட்டேன். இறக்கச் சொல்லுங்கோ" என்று அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "போதும்" என்பது எமிலிக்குப் புரிந்த வார்த்தை. காலை இறக்கினாள்.

ஆக, ஒன்று கிடைத்துவிட்டது. பாக்கி ஒன்று. நாளோ ஓடிக்கொண்டிருந்தது. பதினாலாவது நாள், அதாவது போன வியாழக்கிழமை, ரெண்டாவது அடையாளம் இல்லாமலே கிளம்பினோம். கடைசி முயற்சியாக எமிலி புடவை கட்டிக்கொண்டாள். மரியாதையாகப் போனால் மனசு இரங்குவார்களாம்.

கட்டிவிட்டவர் பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா. கோலார் தங்கவயலில் இருந்தவர்கள். புருஷன் சுரங்க வேலையை விட்ட பிறகு இங்கே வந்து குடியேறினார்கள். எமிலி வந்த நாளிலிருந்து அவளைத் தன் சொந்தமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். மஞ்சள் புடவை கட்டி, காது மூட முடியை வாரிக் கொண்டை போட்டு, பூ வைத்து, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னா டீச்சர், இப்டியேவா இட்டுனு போவப் போற? ஆபீஸ்னா எவ்ளோ பேர் கண்ணு. புள்ள தாங்குமா?"

சொல்லிக்கொண்டே மைச்சிமிழைத் திறந்தார். மோதிர விரலால் தொட்டு, எமிலியின் இடது கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டார். எமிலிக்கு ஏக சந்தோஷம். கும்பிட்டாள். பஸ் பிடிக்கிற அவசரத்தில் எனக்கு அந்தப் பொட்டு அப்போதே மறந்துபோயிற்று.

அந்த பஸ் பாதி வழியில் நின்றுபோக, ஆபீஸுக்குள் நுழையும்போது மணி நாலரை தாண்டிவிட்டது. சேஷாத்ரி பேனாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது கிடைச்சுதாம்மா?"

"இல்லே சார்" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தேதி முத்திரையைப் பார்த்தார். பிறகு எமிலியை நிமிர்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதோ இருக்கே, இடது கன்னத்திலே. கறுப்பா, வட்டமா. இத்தனை நாள் இதை ஏம்மா சொல்லலே?"

நான் வாயைத் திறந்தேன். 'சார், அது எங்க பக்கத்து வீட்டு அக்கா...' என்று ஆரம்பிக்க வேண்டியதுதான். எமிலி சுவரில் ஒட்டியிருந்த ஏதோ நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தாள். மணி நாலே முக்கால். இன்னும் கால் மணியில் இவளை டெல்லிக்கு எழுதித் தள்ளிவிடுவார்கள். நோட்டுப் புத்தகம், அட்டை, பசை... நான் வாயை மூடிக்கொண்டேன்.

ரிஜிஸ்தரில் அந்த அழகான எழுத்து ஓடியது. 'இடது கன்னத்தில் ஒரு கறுப்பு மச்சம்.' இங்கே கையெழுத்து, அங்கே கையெழுத்து என்று அவர் விரலை வைத்த இடத்தில் எல்லாம் எமிலி போட்டாள். டப் டப்பென்று முத்திரை.

"ஆயித்து. நம்பர் ஆயித்து" என்று கன்னடத்தில் சொல்லி, சின்னப் புத்தகம் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். எமிலி அங்கேயே அழுதுவிட்டாள்.

பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்தியை இதோடு நான் முடித்திருக்கலாம். திரும்பி வரும் பஸ்ஸில் எமிலி அந்தப் புத்தகத்தைப் படிக்காமல் இருந்திருந்தால்!

ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தவள் பதினோராவதில் நின்றாள். கன்னத்தைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். கறுப்பு.

"இது மச்சம் இல்லையே."

"இல்லை."

"உங்களுக்கு அப்போதே தெரியுமா?"

"தெரியும்."

நாலாவது ஸ்டாப்பில், நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடித்தால் நம்பர் போய்விடும், கெடு இன்றோடு முடிந்தது, இனிமேல் டெல்லிதான்... எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். ஒரு மச்சத்தால் எந்த ராஜ்யமும் கவிழ்ந்துவிடாது என்றேன். இங்கே எல்லாரும் இப்படித்தான் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். நம் ஊரின் மானத்தை நானே வாங்கினேன், போங்கள்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "திங்கட்கிழமை என் முதல் கிளாஸ். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்று சொல்லித்தான் நான் சயன்ஸை ஆரம்பிப்பேன். அதை எப்படிச் சொல்வேன்?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வெட்கத்தைவிட எரிச்சல்தான் ஜாஸ்தி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் பழையபடி கவுன். முகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, முடியை இறுக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு எமிலி முன்னால் நடக்க, குற்றவாளி மாதிரி நான் பின்னால் போனேன். சேஷாத்ரியின் மேஜை முன்னால் நின்று எமிலி ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொல்லி முடித்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஸ்வல்ப உட்காருங்கோ" என்றார். கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு மூணு பொண்ணும்மா. மூணுக்கும் தினம் சாயங்காலம் வாசல்லே உட்கார்ந்து பொட்டு வெச்சவன் நான்தான். திருஷ்டிப் பொட்டுக்கும் மச்சத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

நான் ஆடிப்போனேன்.

"ரெண்டு மார்க் இல்லாம நம்பர் போட முடியாது. நம்பர் இல்லேன்னா இந்தப் பொண்ணு ஊரைப் பார்த்துப் போக வேண்டியதுதான். அவ்வளவு தூரத்திலேருந்து பாடம் சொல்லித்தர வந்திருக்கா. அவளைத் துரத்த எனக்கு மனசு வரலே. தெரியாத மாதிரி எழுதினேன். நீங்களும் தெரியாத மாதிரி நின்னேள். நல்லபடியா முடிஞ்சுது. திரும்ப ஏன் அழைச்சுண்டு வந்தேள்?"

சர்க்காரை ஏமாற்றிவிட்டேன் என்று நான் ராத்திரியெல்லாம் குறுகுறுத்துக்கொண்டிருந்தது எவ்வளவு அசட்டுத்தனம் பாருங்கள். சர்க்கார் என்னைவிடத் தெளிவாகத்தான் இருந்திருக்கிறது!

"நான் அழைச்சுண்டு வரலே சார். அவதான் என்னை இழுத்துண்டு வந்தா" என்றேன்.

சேஷாத்ரி இப்போது எமிலி பக்கம் திரும்பினார். இங்கிலீஷில், ஆபீஸ் குரலில் சொன்னார்: "மேடம், சர்க்கார் ஒரு மச்சத்தைப் பார்த்துவிட்டது. அதை வைத்துக் காப்பாற்றுவது இனி உங்கள் பொறுப்பு. இங்கே வரும்போதெல்லாம் வைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு வருஷம்தானே?"

எமிலி சிரித்தாள். ஆனால் தலையை ஆட்டவில்லை. எனக்குச் சொன்னதையே அவரிடமும் சொன்னாள். திங்கட்கிழமை, முதல் கிளாஸ், கண்ணால் பார்த்தது. கடைசியில், "நம்பர் போனால் போகட்டும் சார், உங்கள் ரிஜிஸ்தரில் நான் பொய்யாக இருக்க வேண்டாம்" என்றாள்.

சேஷாத்ரி கொஞ்ச நேரம் ரிஜிஸ்தரின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மேஜையின் கீழ் டிராயரை இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு சின்ன பாட்டில் வந்தது. சிவப்பு மை.

மூடி திறக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாகத் திறக்காத மூடி எப்படித் திறக்கும்? கைக்குட்டை சுற்றித் திருகினார். கதவிடுக்கில் கொடுத்துத் திருகினார். திறந்தால் உள்ளே மை காய்ந்து கட்டியாகக் கிடந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கினார்.

மார்ச்சில் ரிடையர் ஆகப்போகிற மனுஷன். "சார், வேண்டாம்..." என்று எழுந்தேன். அவர் கேட்காத மாதிரி, ஸ்கேலை வைத்து, அந்த அழகான வரியின் மேல் நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டார். ஓரத்தில் சின்னதாய்த் தன் கையெழுத்தையும் போட்டார்.

"சரி, அடிச்சாச்சு. இப்போ இந்த இடத்திலே ஒண்ணு எழுதியாகணும். எழுதினா பழைய நம்பரே நிக்கும். காலியா விட்டா நம்பர் போயிடும்."

மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சேஷாத்ரி எமிலியின் இடது கன்னத்தையே பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பார்வை இன்னும் கொஞ்சம் பின்னால் போயிற்று. போனது அங்கேயே நின்றது.

"ஏம்மா..." என்றார், சர்க்கார் குரல் போய், மூன்று பெண்களைப் பெற்றவரின் குரலில். "இவளுக்குக் காது குத்தலையா?"

நானும் பார்த்தேன். வந்த நாளிலிருந்து ஒன்று விரித்த முடி, இல்லாவிட்டால் கொண்டை. இன்றைக்குத்தான் முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். இரண்டு காதும் பளிச்சென்று தெரிந்தன. தோடு இல்லை, துவாரமும் இல்லை. இருபத்தாறு வயசுப் பெண், காது குத்தாமல்! இந்த பெங்களூரில் சல்லடை போட்டுச் சலித்தாலும் இப்படி இன்னொருத்தி அகப்படுவாளா?

"குளிர்காலத்திலே இது மாறுமா, கேளுங்கோ" என்றார் சேஷாத்ரி.

கேட்டேன். எமிலி காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "மாறாது சார். பிறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்றாள்.

பேனா ஓடியது. 'இரண்டு காதும் குத்தப்படவில்லை.' சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அதே அச்சடித்த எழுத்து. ரிஜிஸ்தரைத் தூக்கிக்கொண்டு ஆபீசர் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையெழுத்து இருந்தது. எமிலியின் சின்னப் புத்தகத்திலும் திருத்தி முத்திரை குத்திக் கொடுத்தார்.

"ஒரு வருஷத்துக்கு இதை மாத்தப்படாது. மாத்தினா திரும்ப நான் பாட்டிலைத் திறக்கணும்" என்றார். அவ்வளவு நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். எமிலி கும்பிட்டாள். அவரும் எழுந்து நின்று கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து நான் முகம் கழுவிக் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. திங்கட்கிழமை இவள் கிளாஸுக்குப் போவாள், பெண்கள் லென்ஸை அடித்துப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பாலை ஊற்றினேன். காபி கலந்து எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனால் எமிலியைக் காணோம். பக்கத்து வீட்டில் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தேன்.

பாக்கியம் அக்கா வீட்டுக் கூடத்தில் விளக்கு ஏற்றியிருந்தது. தட்டில் வெல்லம், பழம், பூ. மணையில் எமிலி கிழக்கே பார்த்து, ஒன்றும் புரியாமல், முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள். எதிரே எங்கள் தெருக்கோடி நகைக்கடைப் பத்தர்.

அக்கா என்னைப் பார்த்துப் பூரித்துப்போனார். "வா டீச்சர். நம்பர்தான் வந்துட்ச்சே. இனிமே இது நம்ம ஊட்டுப் பொண்ணு. காதை மூளியா உட்டு வெக்கலாமா? இன்னிக்கு வெள்ளிக்கெழம, நல்ல நாளு. அதான் பத்தரை இட்டாந்துட்டேன்."

பத்தர் எமிலியின் காது மடலைப் பிடித்து, ஊசியை ஓங்கியிருந்தார்.

காபி டம்ளர் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்டதாம்:

"பத்தரே, கையை எடுங்க! அது சர்க்கார் காது!"